பதினேழு இஞ்ச் அமெரிக்கா

கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கினால், உலகத்தில் நம்மால் அளக்க முடியாதது எதுவுமில்லை என்ற திமிர் தானாக வந்துவிடும். எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில், துணி வெட்ட அளவு போட்டுக் கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டரான புதிதில் எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது. (கல்யாணமாகி ஆறே மாதம். மாப்பிள்ளை மரியாதை வேறு.)

அப்போதுதான் என் மாமியார், பெரிய மகளின் பிரசவத்துக்காக முதன்முதலாக விமானம் ஏறினார். கொச்சியிலிருந்து துபாய், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ. அவரை ஒரு நாள்கூடப் பிரிந்திராத மாமனார், எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"அவ குரலைக் கேக்காம எனக்குச் சோறு எறங்காதுங்க மாப்ள. எப்பங்க போய்ச் சேருவா?"

டிக்கெட்டைப் பார்த்தேன். துபாயில் மத்தியானம் கிளம்பி அன்றைக்கே சாயங்காலம் அமெரிக்காவில் இறங்கும் என்றிருந்தது. அச்சுப் பிழை என்று தீர்ப்புச் சொன்னேன். (அது அந்த ஊர்க் கடிகாரக் கணக்கு என்று யார் கண்டது!) சுவரில் தொங்கிய உலகப் படத்தில் டேப்பை வைத்தேன். கொச்சி டு துபாய் இரண்டரை இஞ்ச், நாலு மணி நேரம். துபாய் டு சான் பிரான்சிஸ்கோ பதினேழு இஞ்ச். அப்படியானால் இருபத்தேழு மணி நேரம். துணி சுருங்குமே என்று கூட்டி வெட்டும் பழக்கத்தில் இன்னும் ஒன்று சேர்த்தேன்.

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிங்க மாமா. அதுக்கு முன்னாடி சான்ஸே இல்லீங்க."

"அத்தன நேரமா கண்ணு?" என்றார். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு ஏதோ வெளிநாட்டு எண்ணிலிருந்து என் போன் அடித்தது. அத்தை நடுவானத்தில் இருக்கிறார், இது திருட்டுப் பயல் என்று கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. கட். ஏழு தடவை! எட்டாவது தடவை மாமனார் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"ஏனுங்க!" அத்தையின் அழுகுரல் எனக்கே கேட்டது.

மாமனார் கத்தினார். "ஐயோ அம்மிணி, நடுவழீல எறக்கி உட்டுட்டாங்களா?"

உருண்டையான பூமியில் விமானம் வடக்கே வளைந்து சுருக்கமாகப் போகும், பதினாறு மணி நேரம்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. அழைத்துப் போகச் சகலை வரத் தாமதமாகிவிட்டதாம். பாஷை தெரியாத ஊரில் அத்தை யாரிடமோ போன் கடன் வாங்கி (மாமனாரிடம் போன் கிடையாது), மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணான என்னுடையதை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"எந்த மகராசன் கட் பண்ணுனது? எத்தன பயந்துட்டேன் தெரியுமுங்களா?" என்று அத்தை போனில் கேட்டார்.

நான் செத்தேன் என்று நின்றேன். மாமனார் என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆருங் கட் பண்ணுல அம்மிணி. இங்க டவர் செரியில்ல" என்றார். பிறகு உட்கார்ந்து ஒன்பது இட்லி சாப்பிட்டார். அந்த மனுசனை எனக்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே பிடித்துப்போனது.

அத்தை அதை அப்படியே நம்பிவிட்டார். இன்றும் விருந்தாளி யார் வந்தாலும் ஊர் டவரைத் திட்டுவார். என் மனைவி சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடுவாள். போன தீபாவளிக்கு அத்தை என் கையில் ஒரு புது போனைக் கொடுத்தார். "டவர் நல்லா எடுக்குமாமுங்க மாப்ள."

நான் அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். மாமனார் என் தோளைத் தட்டினார்.

"வாங்கிக்கங்க மாப்ள. எடுத்துப் பேசோணும், அவ்வளவுதானுங்க."