மாமி வீட்டில் சிக்கிக்கொண்ட சம்மதம்

கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றை முடித்தவனை ஊர் எஞ்சினியர் என்று நம்பும். அதைவிட மோசம், அவனும் அதை நம்பிவிடுவான். மன்னார் டவுனில் நான் அப்படித் திரிந்த காலத்தில்தான் மாமியின் மகள் கனடாவில் கலியாணம் முடித்தாள். மாமிக்கு விசா கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளையின் கலியாணத்தைக் காணாமல் அழுதுகொண்டிருந்தவருக்கு மருமகன் வீடியோவைத் தபாலில் அனுப்பினார். சாதாரண டிவிடி இல்லை, புளூ ரே தட்டு. (கனடாக்காரர் எதையும் சாதாரணமாக அனுப்பமாட்டார்கள்.)

"நான் போட்டுக் காட்டுறன் மாமி. இதெல்லாம் ஒரு வேலையோ?" என்றேன்.

என் கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவ் அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் சுழற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பியது. கொழும்பிலிருந்த கூட்டாளியிடம் புளூ ரே டிரைவ் ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டினேன். தட்டு உள்ளே போனால் படம் ஓடிவிடும் என்பது என் எண்ணம். பிராசசர், கிராபிக்ஸ் கார்ட் போன்றவற்றுக்கும் அதில் ஏதோ பங்கு உண்டு என்று கோர்ஸில் சொன்ன அன்று நான் போகவில்லை.

ஞாயிறு பின்னேரம் கம்ப்யூட்டரை மாமி வீட்டுக்குக் கொண்டுபோனேன். விறாந்தை நிறையச் சனம். கலியாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த பட்டுச் சீலையைக் கட்டிக்கொண்டு மாமி முன் கதிரையில் இருந்தார்.

படம் ஓடியது. (ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது.) மணமகள் மாதா கோயில் வாசலில் ஓர் அடி வைத்தபடி நின்றாள். பாட்டு மட்டும் பீடம் வரைக்கும் போய்விட்டது.

"எங்கட ரோட்டுக் கழுதை இதைவிடக் கெதியாய்ப் போகும்," என்றார் மாமா.

கம்ப்யூட்டர் பெட்டி கொதித்தது. அதன் மூடியைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். சனத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "கரண்ட் காணாதாக்கும்" என்று மாமி ஓடிப்போய் பிரிட்ஜை நிற்பாட்டினார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தும், "ஓம் மாமி, அதுவும் நல்லது" என்றேன்.

ஒருவழியாகச் சுவாமியார் மணமகளிடம் கேட்டார்: "முழுமனதோடு சம்மதமா?"

அவள் வாயைத் திறந்தாள். படம் அப்படியே நின்றது. சத்தமும் நின்றது.

"ஏன் தம்பி, பிள்ளை ஒண்டும் சொல்லுறாளில்லை?"

"கம்ப்யூட்டர் யோசிக்குது மாமி."

"அது என்னத்துக்கு யோசிக்குது? கேட்டது அவளையெல்லோ!"

பின்வரிசையில் யாரோ, "பிள்ளைக்கு விருப்பமில்லையாக்கும்" என்று முணுமுணுத்தார்கள். மாமிக்கு முகம் வெளிறிவிட்டது. உடனே கனடாவுக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, நீ சம்மதம் சொன்னனியோ?"

"என்னம்மா விடியக்காலமை? சொல்லிப்போட்டுத்தானே இவரோட இருக்கிறன்."

"இஞ்ச சனம் பாத்துக்கொண்டு இருக்குது. எனக்குக் கேக்கச் சொல்லு."

அவள் குரல் தழுதழுக்க, "சம்மதம் அம்மா. முழுமனதோட சம்மதம்" என்றாள்.

மாமி சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சனம் கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது. திரையில் மணமகள் இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

பிறகு என் கலியாணம் வந்தது. சுவாமியார் சம்மதமா என்று கேட்டபோது எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. முன்வரிசை வாங்கிலிருந்து மாமி எழும்பினார்.

"பயப்பிடாதையுங்கோ சுவாமி. இவனுக்கு லோட் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும்."

கோயில் முழுக்கச் சிரித்தது. எங்கள் கலியாண வீடியோவில் அந்தச் சிரிப்புத்தான் கேட்கிறது, நான் சொன்ன சம்மதம் கேட்கவேயில்லை. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் மனைவி அந்த இடத்தைப் போட்டுக் காட்டி, "நீங்கள் இன்னும் பதில் சொல்லயில்லை" என்கிறாள்.