அன்டெனாவின் பின்பக்கத்து மாங்காய்

மேல் டிவிசன்,
பலாங்கொடை.
செவ்வாய்க்கிழமை

மிகுந்த மரியாதைக்குரிய மாப்பிள்ளை ரெஜினோல்ட் அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் மாமியார் தெரேசம்மாவும் மழைக்கு நனைந்தாலும் சுகமாயிருக்கிறோம். கொழும்பில் நீங்களும் எங்கள் மகள் நிரோஷாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை ஈமெயிலில் எழுதாமல் தபாலில் போடுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் சொல்லித்தந்த அந்த இலவச மென்பொருள் இப்போது என் கொம்பியூட்டருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் எழுதுவதை அது வாசிக்காது என்று என்ன நிச்சயம்?

விஷயம் உங்களுக்குத் தெரியும். போன மாதம் பக்கத்து வீட்டு அழகமுத்துவின் மருமகளுக்குப் பிரசவ வலி கண்டபோது, எங்கள் மலையில் போனுக்கு சிக்னல் இல்லாமல் மனுஷன் தேயிலை ஃபெக்டரி வரைக்கும் இரண்டு மைல் ஓடினார். குழந்தை லொறியிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது மாதா புண்ணியம். முப்பத்தெட்டு வருடம் ஃபெக்டரியில் எலக்ட்ரீசியனாக இருந்த நான் சும்மா இருப்பேனா? அலுமினியக் கம்பி ஒன்பதை அளந்து வெட்டி ஒரு அன்டெனா செய்து, வாசிகசாலைக் கூரையில் ஏற்றி, எதிர்மலை டவர் பக்கம் திருப்பினேன். சிக்னல் வந்தது. தோட்டத்துப் பெரிய துரை வந்து பார்த்துவிட்டு, "தோமஸ், நல்ல வேல. ஆனா எந்தப் பக்கம் எவ்வளவு பிடிக்குதுன்னு படம் வேணும். படம் இல்லாம மூணு டிவிசனுக்கும் சைன் பண்ண ஏலாது" என்றார். பலாங்கொடையில் விற்கிற கடை அன்டெனாவுக்கு மயில்தோகை மாதிரி கலர்ப் படம் இருக்கிறதாம். அதிலிருந்துதான் எனக்குச் சனி பிடித்தது.

அந்தப் படம் போடுவதற்கு முதலில் நீங்கள் அனுப்பிய வெளிநாட்டு மென்பொருளைப் பார்த்தேன். அதன் ஒரு வருட வாடகைக்கு இரண்டு கறவை மாடு வாங்கலாம், மாடாவது பால் கொடுக்கும். முப்பது நாள் சும்மா பாவிக்கலாம் என்றான். சரி என்று படம் போட்டு அச்செடுத்தால், படத்தின் நெஞ்சுக்கு நடுவே 'இது மாதிரி மட்டும்' என்று கொட்டை எழுத்தில் குறுக்கே அடித்துவிட்டான். இதைத் துரையிடம் கொடுத்தால் அன்டெனாவும் மாதிரி மட்டும்தானா என்று கேட்பார். அதனால் டவுனுக்குப் போய் புவாட்டின் கொம்பியூட்டர் கடையில் விசாரித்தேன். "அங்கிள், அதே சாமான்தான், ஒரிஜினல் கொப்பி" என்று ஒரு பென்ட்ரைவைக் கொடுத்தார். கொப்பி எப்படி ஒரிஜினலாகும் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். "போடக்குள்ள வைரஸ் கார்டை மட்டும் நிப்பாட்டிருங்க" என்றார், வைரஸ் வராமல் காவல் காக்கிற மென்பொருளைத்தான். வீட்டுக்கு வருகிற விருந்தாளி நாயைக் கட்டிப்போடச் சொன்னால் நியாயம், நாயைக் கொன்றுபோடச் சொன்னால்? சந்தேகத்தோடுதான் நிப்பாட்டினேன். ஐந்து நிமிடத்தில் தெரேசம்மா டைப் அடித்து வைத்திருந்த நாற்பத்திரண்டு கோயில் பாட்டுகளும் சீன எழுத்தாகிவிட்டன. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், அது இன்னும் மோசம்.

கடைசியாக உங்கள் இலவச மென்பொருள். மாப்பிள்ளை, அது பணம் கேட்கவில்லை. பேர் கேட்கவில்லை. முகவரி கேட்கவில்லை. ஒன்றுமே கேட்காதவனுக்குத்தானே முதலில் பயப்பட வேண்டும்? யாரோ ஒரு வெள்ளைக்காரர் பொழுதுபோக்காகச் செய்ததாம். பொழுது போகவில்லையென்றால் மனுஷன் மீன் பிடிப்பான், தூங்குவான், ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுப்பானா? இருந்தாலும் கம்பிகளின் நீளம், இடைவெளி எல்லாம் ஒழுங்காகப் பதிந்தேன். படம் வந்தது. முன்பக்கம் பலாப்பழம் போல ஒரு நீள வட்டம், சரி. பின்பக்கம் மாங்காய் அளவில் இன்னொன்று! நான் பின்னால் எதுவும் வைக்கவேயில்லை. மூன்று தரம் அளந்து பதிந்தும் மாங்காய் போகவில்லை. அழகமுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, நம்ம அன்டெனா பின்னாலயும் ஒழுகுதா?" என்று கேட்டபோது எனக்கு மானமே போயிற்று. இது கடை அன்டெனாக்காரர்கள் கை அன்டெனாவைக் கேவலப்படுத்தச் செய்த சதி என்பது என் எண்ணம். உங்களுக்கும் அதில் பங்கிருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை, நிரோஷாதான் சொல்ல வேண்டும்.

ஆகையால் நானே கவராயம் வைத்து, கலர் பென்சிலால், பின்பக்கம் துப்புரவாக இருக்கும்படி ஒரு படம் வரைந்து, ஸ்கேன் பண்ணி அச்செடுத்து, நேற்றுத் துரையிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் தயவுசெய்து இலவசமாக எதையும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

உங்கள் இருவர் தலைமேலும் ஆண்டவருடைய கை நிழலாயிருக்கட்டும். தெரேசம்மா உங்களுக்கு அன்பும், நிரோஷாவுக்கு மாசிக் கருவாட்டுத் தூளும் அனுப்புகிறாள்.

இப்படிக்கு,
ஏமாறாத மாமனார்,
தோமஸ்

பி.கு.: இன்று சனிக்கிழமை. மண் சரிந்து பஸ் வராததால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. வியாழக்கிழமை துரை இரத்தினபுரியிலிருந்து பஹ்மா என்ற ஒரு பொறியியலாளர் பிள்ளையை ஜீப்பில் கூட்டிவந்தார். அந்தப் பிள்ளை என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

"அங்கிள், இது எந்த சொஃப்ட்வேர்ல எடுத்தது?"

பதறிப்போய், வாயில் வந்ததைச் சொன்னேன். "தெரேசா டூ, மிஸ்."

"பின்னுக்கு ஒண்டுமே இல்லாத அன்டெனா உலகத்துல இல்ல, அங்கிள். இது கள்ளப் படம்."

என் வாழ்நாளில் என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை, மாப்பிள்ளை. பிறகு அந்தப் பிள்ளை அழகமுத்துவைக் கூரையில் ஏற்றி, அன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் சிக்னலை எழுதியது. முதுகை டவருக்குக் காட்டி நிறுத்தியபோதும் கொஞ்சம் வந்தது! நான் வீட்டுக்குப் போய் அந்த இலவசப் படத்தை அச்செடுத்து வந்து நீட்டினேன். எழுதிய கணக்கும் மாங்காயும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின. "இத முதல்லயே தந்திருக்கலாமே! அன்டெனா அருமை அங்கிள்" என்று அந்தப் பிள்ளை சிரித்தது. துரை ஜீப் பொனட்டில் வைத்தே சைன் பண்ணினார். மூன்று டிவிசனுக்கும் நான்தான் செய்கிறேன்.

எனவே மேலே உள்ளதை வாசிக்க வேண்டாம். வாசித்திருந்தால் நிரோஷாவிடம் காட்ட வேண்டாம். மூன்று பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. இத்துடன் நம் ஃபெக்டரித் தேயிலை ஒரு பாக்கெட் வைத்திருக்கிறேன். அந்த வெள்ளைக்காரரின் விலாசத்தைத் தேடி அனுப்பி, கூடவே இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: இது சும்மாதான் தருகிறோம், உள்ளே ஒன்றும் இல்லை, பயப்படாமல் குடிக்கவும்.