எல்லா வாசலுக்கும் ஒரே முகம்

இருகரை நாட்டின் நடுவே ஆறு ஓடியது. அதன் பாலத்தில் பல வாசல்கள், வாசலுக்கு ஒரு காவலர். கடந்து போகிறவர்களின் முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும், மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பேசாமல் விட்டுவிடுவார்கள். நாடு நிம்மதியாகத்தான் இருந்தது. அது யார் கண்ணை உறுத்தியதோ!

"பார்த்த முகத்தையெல்லாம் பழகிக்கொள்வது பாதுகாப்புக் குறைபாடு" என்று கண்டுபிடித்தார் காவல் மந்திரி. காவலர்கள் இனி புதிய முகங்களைக் கற்கக் கூடாது, பழையவற்றை மறந்துவிட வேண்டும் என்று ஆணை வந்தது. கடக்க அனுமதி கேட்டவர்களின் பெயரையும் போகும் காரியத்தையும் எல்லா வாசலிலும் முரசறைந்து, ஆட்சேபம் இல்லையென்றால் விடலாமாம். மூலத்துக்கு மருந்து வாங்கப் போன தமிழாசிரியர் அதன்பின் பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை.

ஜனங்கள் முணுமுணுத்தார்கள். முரசும் நிறுத்தப்பட்டது, பயணமும் நிறுத்தப்பட்டது. இனி எல்லா வாசலிலும் செல்லுபடியாகும் முகம் ஒன்றே ஒன்று, அது தலைவர் பேரொளியாரின் முகம். ஒவ்வொரு வாசலிலும் அவர் படத்தை மாட்டினார்கள்.

அன்றைக்கென்று பார்த்து, மருத்துவச்சி செங்கமலத்தின் மகளுக்கு அக்கரையில் வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். செங்கமலம் விழுந்தடித்துக்கொண்டு பாலத்துக்கு ஓடினாள்.

"ஏலே மாசானம், ஒன்னையே இந்தக் கையிலதானல வாங்குனேன். என்னைத் தெரியலையா?"

காவலன் மாசானம் தரையைப் பார்த்தான். "தெரியுது சித்தி. தெரியக் கூடாதுன்னு சட்டம்."

அழுதுகொண்டு நிற்கிற ஆளா அவள்? தேர்தலுக்கு வீடு வீடாகக் கொடுத்த தலைவர் முகமூடி அடுப்படியில் விசிறியாகக் கிடந்தது. போய் எடுத்து மாட்டிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, மறுபடி வந்து நின்றாள்.

மாசானம் படத்தைப் பார்த்தான், முகமூடியைப் பார்த்தான். விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். "வாங்க தலைவரே! வெரசாப் போங்க!"

பிரசவ அறைக்குள் தலைவர் நுழைவதைக் கண்டு மகள் போட்ட அலறல் இக்கரைக்கே கேட்டது. விடிவதற்குள் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

காலையில் பால்காரர் தலைவராகப் போனார். தமிழாசிரியரும் தலைவராகப் போனார். மதியம் சாதனைகளைப் பார்வையிட உண்மையான பேரொளியார் வந்தார்.

மாசானம் மறித்தான். "படத்துல இருக்கவருக்குத் தலை கறுப்பு. கன்னம் தொங்கல. நீங்க யாரு?"

"அடேய், நான்தான்டா தலைவர்!"

"காலையிலேர்ந்து எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஆனா அவங்க மூஞ்சி ஒத்துப்போச்சு."

அக்கரையிலிருந்து பேரனை ஏந்தி வந்த செங்கமலம், தன் முகமூடியைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தாங்கய்யா, இதை மாட்டிக்கிட்டுப் போங்க. எங்களுக்கு அப்படித்தான் வழி கெடைச்சுது."

பேரொளியார் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வாங்கி மாட்டிக்கொண்டார்.