ஆய்வுக்குப் போன மாமனார்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அதற்குத் தாங்கள்தான் காரணம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அங்கே மகளும் பேரனும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் தாங்கள் கோபித்துக்கொண்டபோது எனக்குச் சரியாக விளக்க வரவில்லை. மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்திப் பழக்கமில்லாததால் எழுதுகிறேன்.

"சும்மாதானே மாமா இருக்கீங்க, ஒரு நடை போயிட்டு வந்தா உடம்புக்கும் நல்லது" என்று சொல்லித்தான் தாங்கள் என்னை அனுப்பினீர்கள். குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுத்தால் முதலாளிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று கண்டுபிடிப்பது தங்கள் ஆராய்ச்சி. அதற்கு ஆளுக்கு நாற்பத்திரண்டு பக்கம் கேள்வித்தாள். முப்பது வருடம் பதிவறையில் கோப்பு தூக்கிய எனக்கே தோள்பட்டை இறங்கிவிட்டது. இரண்டு பஸ் மாறி, வாரத்துக்கு மூன்று நாள் தாங்கள் குறித்துக் கொடுத்த சலவை நிலையத்துக்குப் போனேன். பஸ் காசைப் பற்றித் தாங்கள் பேச்செடுக்கவில்லை. நானாகக் கேட்டால் நன்றாகவா இருக்கும்?

முதல் நாள் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். "குறைந்தபட்ச ஊதியம் சம்பந்தமா ஆய்வுக்கு வந்திருக்கேன்." ஆராய்ச்சி செய்கிறவனும் ஆய்வாளர், கடையைச் சோதனை போட வருகிற அதிகாரியும் ஆய்வாளர் என்று தமிழில் இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது? தேய்த்த சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் கோப்பு. முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளரின் சட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்து என்னை உட்கார வைத்தார். "ஐயா, நான் பேராசிரியரோட மாமனார்" என்று உண்மையைச் சொல்லத்தான் செய்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "பெரிய இடம்னு பார்த்ததுமே தெரிஞ்சுதுங்க" என்றார்.

சட்டப்படியான சம்பளம் எவ்வளவு என்று சுவரில் பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருக்கிறார். பதினான்காம் கேள்வி: அந்தச் சம்பளம் தங்களுக்குக் கிடைக்கிறதா? இஸ்திரி மேசைக்குப் பின்னால் நாளெல்லாம் ஆவிக்கு நடுவில் நிற்கிற அம்மாளை எல்லாரும் ஆவியக்கா என்று கூப்பிடுகிறார்கள். முதலாளி பக்கத்தில் நின்றபோது, "போர்டுல இருக்கறதுதாங்க" என்றார். முதலாளி போன் பேச வெளியே போனதும் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே சொன்னார்: "அந்தச் சம்பளம் போர்டுக்குங்க. எங்களுக்கு அதுல பாதி." சுவர் சம்பளம் வாங்குவதைக் குறிக்கத் தங்கள் கேள்வித்தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன். முதலாளியைக் கேட்டதற்கு, "குறைந்தபட்சம்னா எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவுதானே சார்?" என்றார். நாற்பத்திரண்டு பக்கத்திலும் இவ்வளவு தெளிவாக யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரமே அங்கே வேலை செய்கிற ஐந்து பேருக்கும் போர்டில் உள்ள சம்பளம் வந்துவிட்டது. ஒருவரையும் நிறுத்தவில்லை. ஆவியக்கா பதினோரு வருடமாகக் கேட்டும் நடக்காதது, என் பையிலிருந்த இரண்டு பேனாவால் நடந்தது. கூட வந்த பணத்தில் அவர் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டார். அதன்பின் ஒரு சட்டைக் காலர்கூடக் கருகவில்லை என்று முதலாளியே பெருமையாகச் சொல்கிறார். "சமூக விளைவுகள்" என்று தாங்கள் விட்டிருந்த அரை வரியில் இதையெல்லாம் அடக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

அப்போதுதான் தங்கள் போன் வந்தது. "மாமா, என் தரவே கெட்டுப்போச்சு" என்றீர்கள். சம்பளம் உயராத இடம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தச் சலவை நிலையத்தைத் தேர்ந்தெடுத்தீர்களாம். ஐந்து பேர் வயிறு நிறைந்து தங்கள் ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டார்கள். அவர்கள் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது வெறும் ஆராய்ச்சிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று திங்கட்கிழமை முதலாளியிடம் சொல்லிவிடும்படி உத்தரவிட்டீர்கள். சொன்னால் சம்பளம் மறுபடி சுவரேறிவிடும் என்பது எனக்கே தெரிகிறது, படித்த தங்களுக்குத் தெரியாதா? மகளும், "அவர் பேரு கெட்டுடும்ப்பா, சொல்லிடுங்க" என்கிறாள். வாக்குக் கொடுத்துவிட்டேன். சொல்லிவிடுகிறேன், மீதிக் கேள்வித்தாள்களையும் முடித்துத் தருகிறேன்.

தாங்களும் மகளும் பேரனும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் வாழ ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. போனேன். முதலாளியிடம் சொல்லுமுன் ஆவியக்காவிடம் சொல்லிவிடுவது நியாயம் என்று பட்டது. முதன்முறையாக இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினார். "இந்த வேலைக்கு உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. மாப்பிள்ளைக்காகத்தான்."

"பஸ்ஸுக்காவது?"

நான் சட்டைப்பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்தேன். அவர் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்ப எங்களுக்கு முன்னாடி உங்களுக்குத்தாங்க ஒரு ஆய்வாளர் வரணும்" என்றார். முதலாளியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் வருவேன் என்று மட்டும் சொன்னேன்.

கேள்வித்தாள்களைத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குறைந்தபட்ச ஊதியத்தால் வேலையைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்ற முப்பத்தொன்றாம் கேள்விக்கு மட்டும் நானே பதில் எழுதியிருக்கிறேன்: ஒருவர். தங்களிடம் வேலை பார்த்தவர். கோப்பும் பேனாக்களும் என்னிடமே இருக்கட்டும். பக்கத்துத் தெருவில் ஒரு தையல் கடை இருக்கிறது. நாளைக்கு அங்கே ஆய்வு.