டிரையல் டீச்சரிடம் ஆசையைச் சொல்லாதீர்கள்

உங்கள் ஆசையை இந்த நாட்டில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கள் டிரையல் டீச்சரிடம் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அடுத்த சனிக்கிழமை அதைச் செய்ய வைத்துவிடுவார்.

வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழ் வாத்தியார், அவர் காமர்ஸ் டீச்சர். இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. டிரையல் டீச்சர் என்ற பெயர் வந்தது அவருடைய தத்துவத்தால். பிள்ளைகளிடம் அவர் சொல்வார்: "சட்ட எடுக்கப் போனா டிரையல் ரூம்ல போட்டுப் பாக்கறீங்க இல்ல? அது ரெண்டு தீபாவளிக்குக் கிழிஞ்சிடும். ஆயுசுக்கும் போட்டுக்கப் போற வேலைய மட்டும் போட்டே பாக்காம எடுத்துக்குவீங்களா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கும். அனுபவித்தால்தான் தெரியும்.

பிளஸ் ஒன் ஏழுமலைக்குப் போலீஸ் ஆக ஆசை. சனிக்கிழமை டீச்சர் அவனைத் தன் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு ஸ்டேஷனில் உட்கார வைத்தார். துரத்தல் உண்டு, துப்பாக்கி உண்டு என்று போனவன் காலையிலிருந்து மாலைவரை ஒரே ஒரு வழக்கைத்தான் பார்த்தான். ஒரு ஆடு பக்கத்துக் கொல்லைக் கரும்பில் வாய் வைத்துவிட்டது. இரண்டு தரப்பும் ஆட்டோடு வந்திருந்தார்கள். திங்கட்கிழமை என்னிடம் வந்து சலித்துக்கொண்டான்: "போலீஸ்னா ஓடிப் புடிக்கறதுனு நெனச்சேன் சார். உக்காந்து சண்டையக் கேக்கறதுதான் வேல. அதுதான் எங்க வூட்லயே நடக்குதே."

சுரேஷ் கதை வேறு. வகுப்பில் அவனை ஐந்து நிமிடம் உட்கார வைக்க எந்த வாத்தியாராலும் முடிந்ததில்லை. அவனை டீச்சர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு அழைத்துப்போனார். முழு ஷிப்டும் நின்றுகொண்டே பார்க்க வேண்டும். பையன் முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். "சார், அங்க உக்காருனு யாருமே சொல்லல சார்." அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நூற்றுக்கு எத்தனை பீஸ் வேஸ்ட்டு என்று அங்கே சூப்பர்வைசர் கேட்டதற்கு அவனுக்குப் பதில் தெரியவில்லையாம். நேராகக் கணக்கு வாத்தியாரிடம் போய், "சதவீதம் மறுபடி ஒரு தபா சொல்லுங்க சார்" என்று கேட்டிருக்கிறான். அவருடைய பத்து வருட சர்வீஸில் ஒரு மாணவன் தானாக வந்து சந்தேகம் கேட்டது அதுதான் முதல் முறை. அந்த அதிர்ச்சியில் மனிதர் மதியம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பெரியவர்களும் தப்பவில்லை. டீ நேரத்தில் ஹெட்மாஸ்டர் ஒருநாள், "ரிட்டயர் ஆயிட்டா நிம்மதியா நாலு மாடு வச்சுக்கலாம்னு இருக்கேன்" என்று பெருமூச்சு விட்டார். நான் கண்ஜாடை காட்டுவதற்குள் காரியம் கெட்டுப்போனது. சனிக்கிழமை விடியற்காலை ஏம்பலத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் அவர் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நிம்மதி என்ற சொல்லையே அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை. எனக்கும் பட்டிமன்றப் பேச்சாளர் ஆகும் ஆசை இருந்தது. டீச்சர் ஒரு கோயில் திருவிழாவில் மேடை ஏற்பாடு செய்து கொடுத்தார். பத்தாவது நிமிடம் மைக்கை வாங்கி ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த விஷயத்தை இதற்குமேல் பேச எனக்கு இஷ்டமில்லை.

இப்போது அமலா.

பிளஸ் டூ படித்த பெண். வீடு மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருக்கும் வேதக்காரத் தெருவில். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு நர்ஸ். பெண் பிறந்தால் ஞானஸ்நானம், புதுநன்மை, நர்சிங் என்று வரிசையாக நடக்கும். இடையில் யாரும் நிறுத்தி எதையும் கேட்பதில்லை. என்ன ஆகப்போகிறாய் என்று டீச்சர் கேட்டதற்கு அமலாவும் "நர்ஸ்" என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். ஒரு காயத்தைக் கழுவுவதைப் பார்த்ததும் பெண்ணுக்கு மயக்கம் வந்துவிட்டது. பக்கத்து அறையில் நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். கண் விழித்தபோது எதிரே ஒரு மெக்கானிக் தடுப்பூசி ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டிருந்தார். இவள் எழுந்துபோய் டார்ச் பிடித்தாள். கம்ப்ரஸர், கேஸ், பிசிக்ஸ் புத்தகத்தில் படித்த அழுத்தம், வெப்பம் எல்லாம் அங்கே செம்புக் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தன. பிளஸ் டூ முடித்ததும் ஐ.டி.ஐ.யில் ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக் படிப்பதென்று முடிவு செய்துவிட்டாள்.

ரிசல்ட் வந்த வாரம் அவள் அப்பா அருளப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கரும்பு வெட்டிய கையோடு அப்படியே வந்திருந்தார். பின்னால் அமலா தலை குனிந்து நின்றாள்.

"இன்னா டீச்சர் இது? எங்க தெருவுல வூட்டுக்கு வூடு நர்ஸ் இருக்குது. எங்க வூட்ல மட்டும் ஸ்க்ரூ டிரைவரா? திங்கக்கெழம நர்சிங் காலேஜ்ல சேத்துடப் போறேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அவளுக்கு மயக்கம் வருதேங்க."

"போகப் போகச் சரியாப்பூடும்."

டீச்சர் அமலாவைப் பார்த்தார். "சரி, நர்சிங் யாரோட ஆச? அவளுதா, உங்களுதா?"

"என்னுதுதான். பெத்தவன் ஆசப்படக் கூடாதா?"

"தாராளமாப் படலாம். ஆசப்படறவங்க டிரையல் பாக்கணும். எங்க ஸ்கூல்ல அதான் சட்டம். ஹெட்மாஸ்டரே பாத்துட்டாரு. சனிக்கெழம வாங்க. நீங்க சாயந்தரம் வரைக்கும் நின்னுட்டா நான் வாயே தெறக்கல, அமலா நர்சிங் போகட்டும்."

அருளப்பன் பாம்பு அடிக்கிற மனிதர். அவர் நின்றுவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன? அமலாவும் அதைத்தான் நினைத்திருப்பாள், முகம் வெளுத்துப்போயிருந்தது. அருளப்பன் சிரித்துவிட்டு, "வர்றேன்" என்றார்.

சனிக்கிழமை அதே சுகாதார நிலையத்துக்கு நானும் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். அருளப்பன் வெள்ளை வேட்டி கட்டி, மகளோடு வந்திருந்தார். முதல் ஒரு மணி நேரம் மாமன் மச்சான் முறை வைத்து நோயாளிகளிடம் அரட்டை. டீச்சர் முகம் தொங்கிவிட்டது. பிறகு அரிவாள் வெட்டுக் காலோடு ஒருவர் வந்தார். நர்ஸ் பழைய கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"சிஸ்டர், ஃபேன் கொஞ்சம் வேகமா வையி" என்றார் அருளப்பன்.

வைத்தார்கள். அதற்குள் அவர் பஞ்சு, கத்தரிக்கோல், டிரே, ஸ்டாண்டு எல்லாவற்றோடும் சேர்ந்து தரையில் இருந்தார். வெட்டுப்பட்ட ஆள்தான் எழுந்து அவரைத் தூக்கினார்.

முகத்தில் தண்ணீர் அடித்ததும் அருளப்பன் கண் விழித்து மகளைத் தேடினார்.

"நீயும் இப்பிடித்தான் வுழுந்தியா?"

"நான் சும்மா சாஞ்சிட்டம்பா. நீதான் டிரேவோட போய்ட்ட."

"கண்ணு இருட்டிக்கினு, காதுல ஙொய்னு..."

"ஆமாம்பா."

"இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேப்பா" என்றாள் அமலா.

அருளப்பன் தரையில் சிதறிக் கிடந்த பஞ்சைப் பொறுக்கி டிரேயில் போட்டார். பிறகு டீச்சரைப் பார்த்து, "அந்த ஃபிரிட்ஜ் வேலையில ரத்தம் எதுவும் வராதில்ல?" என்று கேட்டார்.

"ரத்தம் வராது. அசந்தா ஷாக் அடிக்கும்" என்றார் டீச்சர். இந்த நேரத்தில் யாராவது உண்மை பேசுவார்களா? நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"கிளவுஸ் போட்டுக்குவேம்பா" என்றாள் அமலா.

அந்தத் திங்கட்கிழமை அவரே மகளை ஐ.டி.ஐ.க்கு அழைத்துக்கொண்டு போனார். அது அவர்கள் வீட்டுச் சந்தோஷம். நான் சொல்ல வந்தது சனிக்கிழமை திரும்பி வந்த வழியைப் பற்றி.

வில்லியனூர் ரயில்வே கேட் போட்டிருந்தது. ஸ்கூட்டிக் கண்ணாடியில் பார்த்தேன், டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், ஜெயிச்சிட்டுதானே வர்றீங்க?"

"எங்கப்பாவும் இப்பிடித்தான் சார், கேக்காமலே டீச்சர் டிரெயினிங்ல சேத்து வுட்டாரு. அழுதுகினே பஸ் ஏறினேன்."

"இப்ப?"

"இப்ப ரிட்டயர்மென்ட்ட நெனச்சாலே அழுக வருது. பாருங்க, எத்தினி பசங்க இன்னும் பாக்கி இருக்குது."

ரயில் போய் முடிந்தது. இவர் இல்லாத பள்ளிக்கூடத்தில் ஒருநாள்கூட வேலை பார்க்க எனக்கு மனசு வராது என்பது அந்தக் கேட்டடியில்தான் எனக்கே தெரிந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். கேட்டைத் தூக்கிவிட்டார்கள், பின்னால் ஹாரன் அடித்தார்கள். "பாத்து ஓட்டுங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.