சம்மட்டிக்கு மூன்றாம் இடம்

பெருமதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் நெடுநாள் வாசகனும் தையல்காரனுமாகிய அடியேனின் வணக்கம். தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், பட்டியல் போட்ட குழுவினரும் அப்படியே. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு இதழில் நம் காலத்துக் குத்துச்சண்டை வீரர்களைப் பட்டப்பெயரோடு தரம் பிரித்து, முதலிடம் விலாங்குக்கு, இரண்டாமிடம் பாறைக்கு, மூன்றாமிடம் சம்மட்டிக்கு என்று போட்டிருந்தீர்கள். ஏழாவதாக இருக்கிறவன் நான். என் படத்துக்குக் கீழே 'சம்மட்டியிடம் இரண்டு முறை தோற்றவர்' என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. அதுகூடச் சரியில்லை ஐயா, மூன்று முறை. இரண்டு தடவை என்னைச் சாய்த்துவிட்டு, மூன்றாவதாக என் அக்காவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு அத்தான்.

அத்தானுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று அக்கா அழுததால், நான்தான் எல்லாச் சட்டையிலும் பொத்தானைப் பிரித்து ஒட்டுப்பட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒரே ஓர் அடி தலையில் விழுந்தால் பெண்டாட்டி யாரென்று தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதற்கு அத்தான், "பேப்பர்ல போட்டிருக்கானா?" என்று கேட்டார். அச்சில் வந்தால்தான் அவருக்கு எதுவும் உண்மை. அப்படிப்பட்ட மனுஷன் உங்கள் பட்டியலை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். 'கடைசிக் காலத் தோல்விகளால் மூன்றாம் இடம்' என்கிற வரி வந்ததும் மேசையில் ஒரு குத்து. தேநீர் அக்காவின் மடியில். "என் கிளவுஸ் எங்க? முதல்ல பாறை, அப்புறம் விலாங்கு" என்று கிளம்பிவிட்டார்.

சரி, பாறையாவது முடியாது என்று சொல்லிவிடுவான் என்று நம்பி ஓடினேன். அவன் இப்போது ஒரு கிடங்கின் வாசலில் காவலுக்கு இருக்கிறான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அவன் கையிலும் உங்கள் பத்திரிகை! "ரெண்டாவதா? என்னைப் போய் ரெண்டாவதா போட்டவன் எவன்யா? முட்டிதான் போச்சு, கை அப்படியேதான் இருக்கு. வரச்சொல்லு உங்க அத்தானை!" என்று அங்கேயே தேதி குறித்துவிட்டான். போஸ்டர்கூட அடித்தாயிற்று. நிற்க முடியாத ஒருவனும் நிதானம் இல்லாத ஒருவனும் மோதுவதைப் பார்க்க டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிட்டதாம். ஜனங்களைச் சொல்லி என்ன பயன்.

அடுத்து விலாங்கிடம் போனேன். மரச்சாமான் கடை, நல்ல வியாபாரம். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சோபாவில் என்னை உட்காரவைத்தார். "நான் தோக்காதவன்னு எழுதறாங்க. மோதாதவன்னு எழுதணும். அடுத்த சண்டை உங்க அத்தானோடன்னு இருந்துச்சு. அதுக்கு முன்னால அவர்கிட்ட அடி வாங்கினவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்த்துட்டு வந்தேன், அன்னைக்கே கிளவுஸைக் கழட்டிட்டேன்" என்றார். யாரைப் பார்க்கப் போனீங்க என்று கேட்டேன். "உங்களைத்தான்" என்றார்.

இப்ப நீங்களே சொல்லுங்க ஐயா, பயந்து சீக்கிரமா வீட்டுக்குப் போனவருக்கு முழு மார்க்கு, போகத் தெரியாம அங்கேயே நின்னு அடிபட்டவருக்கு மார்க்கு குறைப்பா? நேத்து அத்தானுக்குப் பயிற்சி கொடுக்க நான்தான் பஞ்சுத்திண்டைப் பிடிச்சுக்கிட்டு எதிர்ல நின்னேன். விட்டார் ஒண்ணு. என் பல்செட்டு கட்டிலுக்கு அடியில போய் விழுந்துச்சு. அக்கா குனிஞ்சு அதைத் தேடிக்கிட்டு இருந்தப்போ, அத்தான் என் தோளைத் தட்டி, "நல்லா தாங்கறீங்க தம்பி, எந்த ஊரு?" என்றார். நான் சிரிச்சேன். அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை.

ஆகவே, வரும் ஞாயிறு இதழில் திருத்தம் வெளியிட்டு, முதலிடம் சம்மட்டிக்கே என்று போட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதை அச்சில் பார்த்துவிட்டால் மனசு ஆறி வீட்டோடு இருந்துவிடுவார். தங்கள் குடும்பத்தில் யாருக்கும் எந்தப் பட்டமும் கிடைக்காமல் எல்லோரும் நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏழாவது இடத்தில் இருப்பவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் அக்கா கடைசிப் பத்தியில் 'முதலிடம் சம்மட்டிக்கே' என்பதை மட்டும் பேப்பரில் வந்ததுபோல அத்தானுக்குப் படித்துக் காட்டிவிட்டாள், சந்தோஷப்படுவாரே என்று. அவர் முகம் மலர்ந்து போயிற்று. "முதலிடமா? அப்ப பட்டம் என்கிட்டதான் இருக்கு. காப்பாத்தணும்ல? யாரு மோத வர்றான்னு கேட்டு எழுது" என்று சொல்லி, கிளவுஸைக் கட்டிவிடச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். அதனால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள் ஐயா. முதலிடம் வேண்டாம், மூன்றாமிடமும் வேண்டாம். இந்த ஆளைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டோம், இவர் எந்தக் காலத்திலும் குத்துச்சண்டை போட்டதே இல்லை என்று போடுங்கள். அவர் இல்லையென்றால் என்னைப் பற்றி எழுத உங்களுக்கு ஒரு வரிகூட இருக்காது, என்னையும் எடுத்துவிடுங்கள். அக்கா சம்மதித்துவிட்டாள். அச்சில் பார்த்தால் அத்தான் நம்பிவிடுவார். அவருக்கு இப்போது அவ்வளவுதான் ஞாபகம் இருக்கிறது.