சிகரத்துக்குத் திருஷ்டி கழித்த கதை

ஆசைப்பட்டதைப் பார்க்கப் போகிறவன் கையோடு பூசணிக்காய் எடுத்துப் போகக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.)

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறேன். உலைச் சூட்டுக்கு மேலே கூண்டில் உட்கார்ந்தபடி வருஷக்கணக்காகப் பனிமலையைக் கனவு கண்டவன். இமயத்தில் மூன்று வரிசை: தெற்கே சிவாலிக் குன்றுகள், அதைத் தாண்டினால் இமாச்சல், அதற்கும் வடக்கே வெள்ளை வெளேரென்று இமாத்ரி. மணவாள நகர் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிப்போகும் வரை இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆலையில் எனக்கு இன்னொரு பதவியும் உண்டு. அமாவாசைதோறும் வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்பவன் நான்தான். ராசியான கை என்று பெயர்.

போன வருஷம் ஒருவழியாக நானும் மனைவி செல்வியும் இமயமலையில் ஒரு தேசியப் பூங்காவுக்குப் போனோம். மலைப்பாதையில் வேன் பத்திரமாகப் போகவேண்டுமே என்று, ஆர்.கே.பேட்டையில் மாமனார் கொல்லையில் காய்த்த பூசணி ஒன்றைத் தூக்கிப்போனேன். முன்னால் சுற்றி உடைத்தால் வண்டி கறையாகிவிடும் என்று டிரைவர் மறுத்துவிட்டார். பூசணி என்னிடமே தங்கியது.

தேவதாரு மரங்கள் முடியும் இடம் வரை ஏறினோம். அதற்கு மேல் மரமே இல்லை. புல், சின்னச் சின்னப் பூக்கள், மேகம். பேசினால் குரல் பஞ்சில் விழுந்ததுபோல் அடங்கியது. எதிரே இருக்கவேண்டிய சிகரம் மட்டும் மேகத்துக்குள்ளேயே இருந்தது. ஊருக்குத் திரும்பும் நாளும் வந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. இவ்வளவு அழகுக்கு எத்தனை பேர் கண் பட்டிருக்கும்?

கடைசிக் காலையில் மறுபடி அங்கே ஏறிப்போய், பூசணியில் ஓட்டை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, சூடம் ஏற்றி, இமயமலைக்கு மூன்று சுற்று சுற்றி ஒரு பாறையில் போட்டு உடைத்தேன்.

வனக்காவலர் அம்மா ஒருவர் ஓடிவந்தார். தூரத்திலிருந்து சிவப்பைப் பார்த்து, ஏதோ பிராணியை வெட்டிவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். பூசணி என்று தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது. காட்டில் நெருப்பு வேறா என்று சூடத்தை மிதித்து அணைத்தார். இது பாதுகாக்கப்பட்ட இடம், வெளியூர் விதை ஒன்றுகூட இங்கே விழக்கூடாது, அத்தனையையும் பொறுக்கு என்றார். (ஆர்.கே.பேட்டைப் பூசணி அந்தக் குளிரில் முளைக்குமா என்று வாதாட, ஆலையில் பீகார் தம்பிகளிடம் நான் கற்ற இந்தி போதவில்லை.)

நாலு காலில் தவழ்ந்து புல்லை விலக்கி விதை பொறுக்கினேன். மலை பார்க்க வந்து சுற்றி நின்றவர்கள் ஏதோ கூவினார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து இன்னும் குனிந்துகொண்டேன்.

"இன்னாங்க, நிமிந்து பாருங்க" என்றாள் செல்வி.

"சும்மா கெட. நானே பேஜாருல கீறேன்."

"ஐய, பூசணி வேல செஞ்சிருச்சிங்க. ஒரு வாட்டி பாருங்க."

கிண்டல் என்றே நினைத்தேன். கடைசி விதையையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து திரும்பியபோது எதிரே மேகம்தான் இருந்தது. காவலர் அம்மாவின் முகத்தில்கூடக் கோபம் போய் ஒரு சிரிப்பு மிச்சமிருந்தது.

செல்வி எடுத்த போட்டோ இப்போது எங்கள் ஹாலில் தொங்குகிறது. வெயில் பட்டுப் பொன்னாக நிற்கிறது சிகரம். கீழே ஓரத்தில் குனிந்த என் முதுகு. வருகிறவர்களிடமெல்லாம், "தோ, மலைக்கு முதுவ காட்டிக்கினு குனிஞ்சிகினு கீறாரே, அவர்தான் எங்க ஊட்டுக்காரரு" என்கிறாள்.

கதை ஆலைக்கும் போய்விட்டது. அமாவாசைக்கு நான் பூசணி உடைத்ததும், "அண்ணே, மேல பாருண்ணே" என்று பின்னாலிருந்து யாராவது குரல் கொடுக்கிறார்கள். மேலே உலைப் புகையைத் தவிர ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.